தூக்க வேண்டாம்

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் மாற்றுத்திறனாளியை யாரும் விரட்ட மாட்டார்கள். தூக்கிவிடுவார்கள். அதுதான் வம்பே. திட்டினால் திருப்பித் திட்டலாம். "நாலு பேர் இருக்கோமுங்க, அலுங்காமத் தூக்கிட்டுப் போயர்றோம்" என்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் சக்கர நாற்காலியோடு தூக்கினார்கள். பாதிப் படியில் சேலை விலகி, அத்தனை சனத்துக்கும் முன்னால் கூனிக் குறுகிப்போனேன். இனி யாரையும் தூக்க விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அந்த வைராக்கியத்துக்குச் சோதனை, என் வீட்டுப் பத்திரப் பதிவன்று வந்தது. கருமத்தம்பட்டியில், என் சம்பாத்தியத்தில், என் பேரில் வாங்கும் வீடு. பதிவு அலுவலகமோ மாடியில், லிஃப்ட் கிடையாது. விற்பவருக்கு அன்று சாயங்காலம் வெளியூர்ப் பயணம். வேறொருவர் கூடுதல் விலைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அதற்குள் தூக்க ஆள் சேர்த்துவிட்டார்.

நாற்காலிக்குப் பிரேக் போட்டேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நகலோடு மனு ஒன்றை அண்ணனிடம் கொடுத்து, மேலே பதிவாளரிடம் சேர்க்கச் சொன்னேன். என்னால் ஏற முடியாத இடத்தில் அலுவலகத்தை வைத்தால், வேலை என்னிடம் இறங்கி வர வேண்டும். இதுதான் மனுவின் சாரம்.

"சட்டம் பேச இதா கண்ணு நேரம்? ஊடு கைவுட்டுப் போயிரும்" என்றார் அண்ணன்.

"போனாப் போவுதுங்ண்ணா. எம்பட ஊட்டை வாங்க நான் மூட்டையாட்டம் போகமாட்டேன்."

அண்ணன் முனகிக்கொண்டே மனுவோடு படியேறினார். முதலில் ஒரு எழுத்தர் இறங்கி வந்து, அப்படி வழக்கமில்லை என்று பணிவாகச் சொன்னார். வழக்கத்தைக் கேட்கவில்லை, சட்டத்தைக் கேட்கிறேன் என்று நானும் பணிவாகவே சொன்னேன். மேலே போனவர் அரை மணி நேரம் வரவில்லை. விற்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் பதிவாளர் அம்மாவே இறங்கி வந்தார்! பின்னால் மடிக்கணினி, கேமரா, ரேகை இயந்திரம். ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒயர் இழுத்து, வண்டி நிறுத்தும் கொட்டகையில் மேசை போட்டார்கள். ரேகை வைத்தேன். பத்திரத்துப் போட்டோவில் ஈயென்று இளித்துக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லை, வீடு என்னுடையது.

ஒயரைச் சுருட்டப் போனார்கள். முழங்காலைப் பிடித்தபடி ஒரு பெரியவர் முன்னால் வந்தார்.

"ஏனுங்க, என்ற பத்திரத்தையும் இங்கயே பாத்துப்போடலாமுங்களா?"

எழுந்த பதிவாளர் மறுபடி உட்கார்ந்தார். மாடியில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வரத் தொடங்கினார்கள்.