திரும்பிப் போன வாத்து

ஒன்பது வயதிலேயே எனக்கு டெக்குபிட்டுஸ் என்றால் என்னவென்று தெரியும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகில் வருகிற புண். என் வகுப்பில் வேறு ஒருவருக்கும் இது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் சித்தி.

சித்தி என் அம்மாவின் தங்கச்சி. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு, நாங்கள் இருந்த ஹம் நகரத்துக்கு வந்தவர், எங்களோடேயே இருந்துவிட்டார். சின்ன வீடு. என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டிலை விரித்துப் படுப்பார். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு மூன்று வருட ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்படிப்பு, படித்தார். பகல் முழுக்க யாரோ கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, பின்னேரம் என் தலையைப் பின்னிக்கொண்டே பாடம் ஒப்புவிப்பார். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பிழை பிடிப்பேன். உச்சரிப்பைத் திருத்தினால் கொஞ்சமும் கோபிக்கமாட்டார். "சரி டீச்சர்" என்பார்.

எனக்குத் தலைக்கனம் ஏறியது அப்படித்தான். அதோடு, கடிதம் வந்தால் வாசிப்பதற்கும், டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டுத் தெர்மின் எடுப்பதற்கும் அம்மாவும் அப்பாவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஜெர்மன்காரர் விஷயத்தில் நான் சொன்னதுதான் எங்கள் வீட்டில் சட்டம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

சித்தி பரீட்சையில் பாஸ் பண்ணினார். அதுவும் நல்ல புள்ளி. தமிழ்க் கடையில் சாமான் வாங்கப் பக்கத்து நகரமான டோர்ட்முண்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் சித்தியும் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நின்றுவிடுவோம். கண்ணாடிக்குள்ளே பொரித்த வாத்துகள் கழுத்தில் கொழுவித் தொங்கும். அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரே கையால் இழுத்துக்கொண்டு போவார். "தங்கச்சி பாஸ் பண்ணட்டும், எல்லாரும் உள்ளுக்கை போவம்" என்று அப்பா ஒருநாள் சொல்லிவைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பாஸ் பண்ணிய சந்தோஷம் எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சித்திக்கு இரண்டு இடத்திலிருந்து வேலைக்குக் கடிதம் வந்தது. ஒன்று ஹம்மிலேயே, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். மற்றது ஹாம்பர்க்கில், தங்குவதற்கு அறையும் தருகிறார்களாம். இரண்டு கடிதத்தையும் வாசித்துச் சொன்னவளே நான்தான். அன்று அம்மாவைக் குசினியில் பிடித்து, சித்தியைப் போகவேண்டாமென்று சொல்லச் சொல்லி அழுதேன். வாத்துச் சாப்பிடப் போகிற இடத்தில் எல்லாருக்கும் முன்னால் முறையாகக் கேட்கிறேன் என்று அம்மா சொன்னார்.

சனிக்கிழமை ரயிலேறிப் போனோம். குளிர்க் கோட்டுக்குக் கீழே அம்மாவின் பட்டுச்சேலைக் கரை தெரிந்தது. சித்தி என் தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னியிருந்தார். பரிமாற வந்தது ஒரு சீனப் பெட்டை, பதினெட்டு வயது இருக்கும். ஜெர்மன் பேசிய விதத்தைப் பார்த்தால் என்னைப்போல இங்கேயே பிறந்தவள்தான். முழு வாத்தைத் துண்டு துண்டாக வெட்டி, தோல் மேலே வரும்படி அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். மெல்லிய ரொட்டியில் வாத்தையும் வெங்காயத்தாளையும் வைத்து, இனிப்புக் குழம்பைத் தடவி எப்படிச் சுருட்டுவதென்று காட்டித் தந்தாள். கடவுளே, அந்தத் தோல்! பல்லில் பட்டதும் நொறுங்கியது. நாலு பேரும் ஒரு சொல் பேசாமல் தின்றோம். நடுவில் இருந்த பெரிய தட்டு வெறுமையானதே தெரியவில்லை.

சித்தி பாஸ் பண்ணியதைக் கொண்டாட வந்தோம் என்று நான் அந்தப் பெட்டைக்குப் பெருமையடித்திருந்தேன். அவள் உள்ளே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். இன்னொரு தட்டு வாத்தோடு வந்து, இது கடையின் அன்பளிப்பு, வைக்கட்டுமா என்று சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"நைன், நைன், டாங்கெ" என்று வேண்டாமென்றார் அப்பா.

அவள் "அல்லெஸ் கிளார்", சரி, என்று சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனாள்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. கேட்டவுடன் வாங்கினால் காணாததைக் கண்டதுபோல என்பார்கள். முதல் தரம் வேண்டாமென்று சொல்லவேண்டும். இரண்டாம் தரம் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லவேண்டும். மூன்றாம் தரம், உங்களுடைய மனதை நோகடிக்கக்கூடாதே என்பதுபோல வாங்கவேண்டும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா நாலு தரம்கூடக் கேட்பார். அந்தப் பெட்டை ஒருதரம்தான் கேட்டாள்.

"திரும்பக் கேப்பா, பொறுங்கோ" என்றார் அப்பா மெதுவாக. பொறுத்தோம். வாத்து குசினிக்குள் போய்க் கதவும் மூடிக்கொண்டது. முதலில் சித்திதான் சிரிக்கத் தொடங்கினார். அப்பாவின் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்துப் போன கவலை. எழும்பி நிற்காத குறையாகத் தீர்ப்புச் சொன்னேன்: இந்த நாட்டில் வேண்டாமென்றால் வேண்டாம்தான், அதற்குப் பிறகும் கேட்பது மரியாதையில்லை, பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் படிப்பிக்கிறார்கள். அப்பா கைகூப்பி, இன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம் என்றார். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னரே அம்மா சித்தியின் பக்கம் திரும்பினார்.

"ஹாம்பர்க்குக்கு ஏன்? இஞ்சையே எங்களோடை இரன்."

சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம் அக்கா. எவ்வளவு காலத்துக்கு உங்களுக்குக் கரைச்சல் தாறது" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. என்னோடு இருக்க இவருக்கு விருப்பமில்லை! அம்மா வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"சித்தி வேண்டாமெண்டு சொல்லிட்டா. இனிக் கேக்கக்கூடாது."

அப்பா மேசையில் தட்டிச் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டார். சித்தியும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

அடுத்த கிழமை சித்தி ஹாம்பர்க் கடிதத்துக்குப் பதில் எழுதினார். அதிலிருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தியதும் நான்தான். மடக்குக் கட்டிலை அப்பா நிலவறையில் கொண்டுபோய் வைத்தார். கன நாள் என் தலையை நானே பின்னிக்கொண்டு கோணல் வகிட்டோடு பள்ளிக்கூடம் போனேன்.

ஏன் திரும்பக் கேட்கவில்லை என்று வளர்ந்தபிறகு அம்மாவிடம் கேட்டேன். "அவள்தானே வேண்டாமெண்டவள்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது என்னோடு வேலை செய்கிற சீனத் தோழி சொல்கிறாள், அவர்களிலும் பெரியவர்கள் இரண்டு தரம் மறுத்துத்தான் மூன்றாம் தரம் வாங்குவார்களாம். அன்றைக்கு அந்தப் பெட்டையின் தாய் வந்திருந்தால் எங்களுக்கு வாத்துக் கிடைத்திருக்கும்.

வருடத்தில் ஒருமுறை சித்தி வருவார். புறப்படுகிறபோது, இன்னும் இரண்டு நாள் நிற்கச் சொல்லி நான் மூன்று தரமும் கேட்பேன், நாலாம் தரமும் கேட்பேன். வேலை இருக்குது குஞ்சு என்பார். இப்போது அவர் சொல்கிற வேண்டாம், வேண்டாம்தான்.

அன்றைக்கு, சித்தியை இனிக் கேட்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். சித்தியின் தட்டில் ஒரு துண்டு வாத்து மிச்சம் இருந்தது. நல்ல தோல் துண்டு. அதை ரொட்டியில் சுருட்டி என் பக்கம் நீட்டினார். வேண்டாமென்றேன். "சாப்பிடு குஞ்சு" என்றார். வயிறு நிறைந்துவிட்டது என்றேன். கையை எடுக்காமல் மறுபடியும் கேட்டார். மூன்றாம் தரம் வாங்கித் தின்றேன்.