படுதாவுக்குப் பின்னால் ஒரு மனைவி

நாடகம் எழுதுகிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை. பசிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் பசிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவர்கள் காலித் தட்டை மேடையில் வைத்து, அதன்மேல் வெளிச்சம் போட்டு, நமக்குக் கண்ணீர் வருகிறதா என்று ஓரமாக நின்று பார்ப்பார்கள். மேடையில் இப்படிச் சுற்றி வளைக்கிற ஆள் வீட்டில் மட்டும் நேராகவா நடப்பார்? என் வீட்டுக்காரர் நாடகம் எழுதுகிறவர்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். அவருக்கு மில்லில் தறி வேலை. நான் உழவர்கரையில் பயிர் வைக்கிற குடும்பத்திலிருந்து வந்தவள். மில்லுக்கு அடுத்த தெருவில், இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தோம். சங்கு ஊதி வேலை விட்டதும் அவரும் கூட்டாளிகளும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாலும் காது அங்கேதான் இருக்கும்.

அந்த வருஷத்து நாடகத்தில் ஒரு மில் தொழிலாளி. அவன் வேலை விட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரு பெண் வருவாள். வாயே திறக்கமாட்டாள். ஒரு டம்ளர் மோரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அவன் குடித்ததும் போய்விடுவாள். அவனுக்கு மனைவியும் உண்டு. ஆனால் அவள் மேடைக்கே வரமாட்டாள். படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருமாம். ஒத்திகையில் அந்தக் குரல் வரவேண்டிய இடம் வந்தால் போதும், "அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று இவர் தாண்டிவிடுவார். சொல்லும்போதே அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை. எனக்குச் சுருக்கென்றது.

மில்லில் நூல் பிரிவில் ஒருத்தி வேலை பார்த்தாள். புருஷன் இல்லாதவள், அதிகம் பேசாதவள். இவர் வரும் வழியில்தான் அவள் வீடு. இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும், ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்ததில்லை. அந்த நாடகம் வந்த பிறகு சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் கொஞ்சம் தாமதமாக வந்தால்கூட மோர் குடித்துவிட்டு வருகிறாரோ என்று தோன்றும். வாயை மோந்து பார்க்காத குறைதான். அவள்தான் என்று உறுதியானால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உழவர்கரைக்கே போய்விடுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். மூட்டை கட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"மோர் குடுக்கறாளே, யாரு அவ?"

"அது நாடகம்டி."

"நாடகத்துல எதுக்குப் பேச மாட்டேன்றா? பேசினா இன்னாருன்னு தெரிஞ்சிடுமா?"

அவர் சிரித்தார். "பேசாம இருந்தாத்தான் ஜனங்களே அவளுக்காகப் பேசுவாங்க" என்றார். பதில் அழகாக இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது.

அவர் கூட்டாளிகளில் ஒருவர் தொழிற்சங்கத்து ஆள். மேடைப் பேச்செல்லாம் பேசுகிறவர். என் முகம் சரியில்லாததைப் பார்த்துச் சமாதானம் சொல்ல வந்தார். "தங்கச்சி, நீ அத அப்படிப் பாக்கக்கூடாது. அந்தப் பொண்ணுதான் சுதந்திரம். சத்தமில்லாம வந்து தாகத்தத் தீக்குது. படுதாவுக்குப் பின்னால கத்தறவ பழைய சர்க்கார். புரியுதா?"

"அப்ப நான் பிரான்சுக்காரனா?" என்றேன்.

அவர் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டார். நான் யோசித்துக்கொண்டே பாத்திரம் துலக்கினேன். ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சொன்னால் அதற்கு உருவகம் என்று பெயராம். சொல்ல முடியாத ஒன்றை ஒளித்து வைப்பதற்கும் அதைவிட வசதியான இடம் வேறென்ன இருக்கிறது? கேட்டால் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் சண்டைக்கு வர முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம் நடந்தது. பெண்கள் ஒரு பக்கமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மோர் கொண்டுவருகிற பெண்ணாக நடித்தது மீசை மழித்த ஒரு தறிக்காரர். என்னிடமே இரவல் வாங்கிய பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வந்து நின்றார். கூட்டம் கப்சிப் ஆகிவிட்டது. என் பக்கத்தில் இருந்த அம்மாள், "எவ்ளோ அடக்கமான பொண்ணு" என்று மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் படுதாவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "சோறு ஆறுது. வந்து கொட்டிக்கிறீங்களா, மாட்டுக்கு வெக்கவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அது நான் வீட்டில் சொன்னது. ஒரு வார்த்தை மாறவில்லை. நான் இழுக்கிற இடத்தில் அதே இழுப்பு, நான் மூச்சு வாங்குகிற இடத்தில் அதே மூச்சு. தெருப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நூல் பிரிவுக்காரி எனக்கு முன்னால் உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கடங்காரனைப் பிடித்து என்னைப் போலப் பேசச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று பார்க்காமல் விடுவதில்லை என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த நடிகருக்கு யாராவது துண்டோ மாலையோ கொடுத்தால், கதை எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, மைக்கில் சொல்லி, அந்த ஆளை முன்னால் வரவழைத்துத்தான் கொடுப்பார்கள். மேடையில் செத்துக் கிடப்பவன்கூட எழுந்து வந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வான். வராமல் இருந்தால் கொடுத்தவருக்கு அவமானம். என் பையில், வரும் வழியில் என் தங்கைக்கென்று வாங்கிய ரவிக்கைத் துணி இருந்தது. அதை மேடைக்குக் கொடுத்தனுப்பினேன்.

"படுதாவுக்குப் பின்னால் பேசும் மனைவிக்கு, ஒரு சகோதரி அன்போடு அளிக்கும் ரவிக்கைத் துணி" என்று மைக்கில் சொன்னார்கள். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார்கள். படுதா அசைந்தது. வெளியே வந்தது என் வீட்டுக்காரர்.

கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்துக் கும்பிட்டார், துணியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்கு நடுவிலேயே, இந்த மனுஷன் நம் பேச்சை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறாரே என்று ஒரு கூச்சமும் வந்தது.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் வரவில்லை. தொழிலாளி காத்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் எழுந்திருக்கவேயில்லை. அப்படியே படுதாவை இறக்கிவிட்டார்கள்.

நானும் அவரும் பிள்ளைகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

"இப்பவாவது சொல்லுங்க. யாரு அவ?"

"நீதான்" என்றார். "கல்யாணமான புதுசுல நீ பேசவே மாட்ட. மோரக் கொண்டாந்து வெச்சிட்டு தூரமா நிப்ப. ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்தது. ஆனாலும் எழுதுகிற ஆளாயிற்றே, நடக்க நடக்கவே கதை கட்டமாட்டாரா?

"அப்ப உள்ள கத்தறவ?"

"அவளும் நீதான்."

"அந்தப் பொண்ணு கடைசியில எங்க போனா?"

"தெரிஞ்சா நான் எதுக்கு நாடகம் எழுதறேன்?" என்றார். தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

நூல் பிரிவுக்காரி என்றால் அவள் வாசலில் போய் நின்று ரெண்டில் ஒன்று பார்த்திருப்பேன். இவளோ பழைய நான்; இவளோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்? உழவர்கரைக்குப் போகும் யோசனையை அந்தத் தெருவிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் சங்கு ஊதியதும் மோர் கலக்கி வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்ததும் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாய் திறக்காமல், சுவரோரமாகப் போய் நின்றேன். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவர் டம்ளரைப் பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். மோரைத் தொடவில்லை.

"இன்னா, பேசாம நிக்கற?" என்றார். "எங்கிட்ட எதுனா மறைக்கறியா?"