அண்ணாச்சியின் தேங்காய்

பழவங்காடி டிராபிக் பிளாக்கில் என் ஆட்டோ மாட்டிக்கொள்ளும்போது பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடையும் சத்தம் கேட்டால், என் கை தானாக ஹார்னை விட்டுவிடும். பின்னால் நிற்கிறவர்கள் மலையாளத்தில் என் குடும்பத்தையே விசாரிப்பார்கள். என்ன செய்ய, என்னைச் சுற்றி அப்போது போனக்காட்டு மூடுபனி அல்லவா இறங்குகிறது.

கோயிலுக்கு எதிரே தேங்காய் விற்றவர் அண்ணாச்சி. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போனக்காட்டு மலையில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஒரு தடவை, மறுநாள் காலை அக்காவுக்கு இருதய ஆபரேஷன் என்று இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "இங்க உள்ள பிள்ளையாருக்கு ஊரே உடைக்குது. எங்க குன்னு மேல இருக்கிறவருக்கு யாரு இருக்கா? உடைச்சிட்டு வந்து என் முன்னால நில்லுங்க. உங்க முகத்தைப் பார்க்காம நான் உள்ள போகமாட்டேன்" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டாள். மதியமே என் ஆட்டோவில் கிளம்பினோம்.

ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு ஏறினோம். தேயிலை காடாகிப்போன சரிவில் ஒற்றையடிப் பாதை. ஆள் நடமாட்டமே இல்லை. அண்ணாச்சி மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம், "தேங்காய நான் சுமக்கேன், நீங்க உங்க வயித்தச் சுமந்தா போதும்" என்று சீண்டினேன். உச்சிப் பாறையில் முழங்கால் உயரக் கல் பிள்ளையார். அண்ணாச்சி தேங்காயை ஓங்கினார். கீழே கிளை முறிந்தது. நாங்கள் ஏறிவந்த பாதையிலேயே ஒரு கொம்பன் யானை. மற்ற மூன்று பக்கமும் பள்ளம்.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. மூடுபனி ஏறி யானையை மறைத்தது. காது விசிறும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணாச்சி, உங்க முதலாளி நேர்லயே வந்திருக்காரு."

"வாய மூடுலே. அவ காத்துக் கெடப்பா, கேட்டியா."

வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடி இருந்ததில்லை. போனில் சிக்னல் இல்லை. வெளிச்சம் மங்கியது. குளிரில் விறைத்த அண்ணாச்சியின் கையிலிருந்து தேங்காய் நழுவி, புல்லில் உருண்டு, பனிக்குள் போனது. அவர் நகம் என் தோளில் இறங்கியது. கீழே 'படார்' என்று ஒரு சத்தம். பிறகு மெல்லும் சத்தம். கொஞ்ச நேரத்தில் புதர்கள் முறியும் சத்தம் விலகிப் போனது.

இறங்கும் வழியில் டயர் வேறு பஞ்சர். உருட்டியும் ஓட்டியும் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலை எட்டும் முன் சேற்று வேட்டியோடு அண்ணாச்சி எதிரே போய் நின்றார்.

"உடைச்சீங்களா?"

"நான் எங்க உடைச்சேன்? ஒன் ஆளு மிதிச்சு அவரே ஒடைச்சுக்கிட்டாரு."

அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. கடையில் அக்காதான் உட்கார்ந்திருக்கிறாள். பிளாக் விலகியும் நான் நகராமல் நின்றால் அங்கிருந்தே கத்துவாள்:

"எடேய், யானை போயாச்சு. வண்டிய எடு!"