லைலின் முகம் இருந்த இடம்

லைல் பதினைந்து வயதிலிருந்து முப்பத்தாறு வயதுவரை அப்பாவோடு மாடு கறந்தவன். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அறுபது மாடுகள் இருந்த பண்ணை. காலை நாலரைக்கு ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. கல்யாணத்தன்றுகூடக் கறந்து முடித்துவிட்டுத்தான் கோட்டு மாட்டினான். அண்ணன் கர்ட், மாடிசன் நகரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு வருவான். தொழுவத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

அப்பாவின் பெயர் ஆர்வில். அவர் இறந்தபோது, உயிலில் பண்ணை கர்ட் பெயரில் இருந்தது. 'கர்டுக்குத்தான் வியாபார மூளை' என்று அதில் ஒரு வரி. வக்கீல் அதையும் விடாமல் வாசித்தார்.

லைல் பாலாடைக்கட்டி தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். கர்ட் மாடுகளை விற்றான். மக்காச்சோள வயலுக்குள் குழந்தைகள் வழிதேடி ஓட வளைவளைவாகப் பாதை வெட்டினான். பூசணி பயிரிட்டான். இலையுதிர் காலம் வந்ததும் 'ஹாஷ் குடும்ப அறுவடைத் திருவிழா' என்று சாலையோரம் போர்டு வைத்தான். லைல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆறாவது வருஷம், மூத்த மகள், ஏழு வயது எல்சி கேட்டாள். "எங்க கிளாஸ்ல எல்லாரும் போய்ட்டு வந்துட்டாங்கப்பா. போர்டுல நம்ம குடும்பப் பேருதானே இருக்கு? நாம மட்டும் ஏன் போறதில்ல?"

அக்டோபர் சனிக்கிழமை ஒன்றில், மனைவி ஹெய்டியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனான். வாசலில் இருந்த பெண்ணுக்கு அவனைத் தெரியவில்லை. டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் போல அவன் கையிலும் முத்திரை குத்தினாள்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. வைக்கோல் வண்டியில் சுற்றினார்கள். நாலு வயது ட்ரூடி தன்னால் தூக்க முடியாத பூசணிக்காயாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். முன்பு கன்றுகள் கட்டிய இடத்தில் ஆடுகள் நின்றன. லைல் டோனட்டைத் தின்றபடி அதையும் பார்த்துக்கொண்டு நடந்தான்.

தொழுவத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அதில் வரைந்த ஒரு மாடு, அதன் இருபுறமும் இரண்டு ஆண்கள். முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். குழந்தைகள் பின்னால் போய் முகத்தை நுழைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். ஊர்ப் பத்திரிகையில் ஒரு காலத்தில் வந்த போட்டோவைப் பார்த்து வரைந்த படம் அது. அப்பாவும் லைலும். கீழே பெரிய எழுத்தில், 'ஆர்வில், கர்ட்: சேர்ந்து மாடு கறந்த அப்பாவும் மகனும்.'

ட்ரூடி பலகையில் இருந்த கையைத் தடவினாள். "இது அப்பா கை."

லைலுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. பத்தொன்பது வயதில் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் போனவை. படம் வரைந்தவன் பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டிருந்தான்.

அதற்குள் கர்ட் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தான். "வாடா. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"இதுல நிக்கறது நான்."

"தெரியும்டா. அப்பாவோட நல்ல படம் அது ஒண்ணுதான் கிடைச்சுது."

"கீழ உன் பேரு இருக்கு."

"இங்க வர்றவங்க என்னைத்தானே பாக்கறாங்க? நீ யாருன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு சொல்லிட்டிருக்க முடியுமா? முகமே இல்ல அதுல, வெறும் ஓட்டை. அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற."

ஹெய்டிக்குப் பொறுக்கவில்லை. "நீ கறந்த மாட்டுல ஒரு மாட்டோட பேரு சொல்லு, கர்ட். ஒண்ணே ஒண்ணு."

"குழந்தைங்க இருக்காங்க, ஹெய்டி" என்று கர்ட் சிரித்தான். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தும் அதே சிரிப்பு.

எல்சி அதற்குள் பலகைக்குப் பின்னால் போய், லைலின் முகம் இருந்த ஓட்டையில் தன் முகத்தை வைத்திருந்தாள். "சீக்கிரம் எடுப்பா, எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

லைல் எடுத்தான். வெளியே வந்தவள் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "மாடு கறந்தது நீயா, பெரியப்பாவா?"

கர்ட் சொல்வான் என்று லைல் ஒரு நிமிஷம் பார்த்தான். கர்ட் யாருக்கோ கையசைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டான்.

"நான்தான்."

"அப்ப ஏன் அவரு பேரு?"

"தாத்தா பண்ணைய அவரு பேருல எழுதி வச்சுட்டாரு."

"நீ கறந்தது தாத்தாவுக்கு மறந்துபோச்சா?"

"இல்லம்மா. மறக்கல."

ட்ரூடியின் பூசணிக்காயை அவன் அங்கேயே வைத்துவிட்டான். ட்ரூடி வீடுவரை அழுதாள். "எல்லார் முன்னாடியும் இன்னும் நல்லாக் கேட்டிருக்கணும்" என்று ஹெய்டி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை எல்சி அந்தப் போட்டோவை வகுப்பில் காட்டி, முகம் மட்டும்தான் தன்னுடையது, உடம்பு அப்பாவுடையது என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் தன் பிள்ளைகளோடு போய் அந்தப் பலகையையும் அதில் இருந்த கர்ட் பெயரையும் பார்த்தவள். சாயங்காலம் பையில் ஒரு சீட்டு வந்தது. 'எல்சிக்கு அருமையான கற்பனை. ஊக்கப்படுத்துங்கள்.' கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

லைல் கையெழுத்துப் போட்டுச் சீட்டைப் பையிலேயே திருப்பி வைத்தான்.