சட்டக்காரியின் சைலேஜ் குழி

அந்த வீட்டில் அவளுக்குச் சட்டக்காரி என்று பேர் வைத்தது அவள் மூத்தார், கணவனின் அண்ணன்தான். கொட்டகைக்குள் செருப்போடு வராதே, மடி கழுவாமல் கறக்காதே, கழுவிய கேனைக் கவிழ்த்து வை என்று அவள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாளாம். கிண்டலாகத்தான் வைத்தார். போகப் போகக் கிண்டல் கரைந்து வெறுப்பு மட்டும் மிஞ்சியது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்தபோது மாட்டுக்குப் பின்னால் நிற்கவே நடுங்கியவள் அவள். இப்போது கொட்டகையில் எந்த மாடு அசைபோடுவதை நிறுத்தினாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் கவனம் கிடையாது, வரவும் வராது.

கொட்டகையில் பாதி மாடுகள் மூத்தாருடையவை. மீதி அவளும் கணவனும் சேர்த்து வாங்கியவை. பால் மட்டும் ஒரே கேனில் பால் நிலையத்துக்குப் போகும்.

கோடை வெயில் ஏறினால் பச்சைப்புல் தீர்ந்துவிடும். வைக்கோலை மென்று மென்று மாடுகளின் மடி வற்றிப்போகும். வருஷா வருஷம் அதைப் பார்த்துச் சலித்துத்தான் அவள் சைலேஜ் குழி வெட்டினாள். மணியில் பால் பிடித்த பருவத்தில் மக்காச்சோளத்தை அறுத்துப் பொடியாக நறுக்கினாள். குழியில் கொட்டி, காற்று நிற்காதபடி அடுக்கடுக்காக மிதித்தாள். மேலே தார்ப்பாய் போட்டு, பழைய டயர்களை வரிசையாக வைத்து அமுக்கினாள். காற்றுப் புகாவிட்டால் சோளத்தட்டை அழுகாது, புளிக்கும்; அந்தப் புளித்த தீனிதான் சைலேஜ்.

"மாட்டுக்கு ஊறுகாய் போடறாளாம் மகராசி!" என்று மூத்தார் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நாளைக்கு அதுங்க தலைகாணி வேணும்னு கேக்கும், பாருங்க."

குழியைத் திறந்ததும் மாடுகள் தொட்டியை நக்கித் துடைத்தன. பால் ஏறியது. மறுநாளே மூத்தார் கூடையோடு வந்தார். தன் மாடுகளுக்கும் வேண்டும் என்று நீட்டினார். அவளும் வஞ்சகமில்லாமல் அள்ளிப் போட்டாள். ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மாமா, கறந்து முடிச்சு, கேனை வெளியே கொண்டுபோன பிறகு போடுங்க. புளிச்ச வாடை மாட்டு மூச்சோடவே பாலுக்குப் போயிடும்."

"மூச்சுக்கும் மடிக்கும் குழாய் போட்டிருக்கா என்ன? உன் சட்டத்தை உன் புருஷன்கிட்ட வெச்சுக்க."

அவர் கறக்கும் முறை வேறு. தொட்டியில் தீனி இருந்தால்தான் அவர் மாடுகள் உதைக்காமல் நிற்கும். அப்படியே பழக்கியிருந்தார். அவள் கன்றுக்குட்டிகளைக் கட்டப் போகும் சமயம் பார்த்து, ஒரு கூடை சைலேஜைத் தட்டிவிட்டுக் கறக்க உட்காருவார்.

ஒருநாள் கேன் போன வேகத்தில் திரும்பி வந்தது. பால் நிலையத்தில் பரிசோதகர் மூடியைத் திறந்து முகர்ந்து, ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டாராம். இன்னொரு தடவை இந்த வாடை வந்தால் இந்த வீட்டுப் பாலே வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பிவிட்டார்.

மூத்தார் கேனை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகக் குழிக்குப் போனார். டயர்களை எட்டி உதைத்தார். தார்ப்பாயின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். குழி முழுக்கத் திறந்து கிடந்தது.

"வந்து பாருங்க, இவ புதைச்சு வெச்சிருக்கிற நாத்தத்தை! இன்னிக்கே மண்ணைத் தள்ளி மூடறேன்."

அவள் ஓடிவந்து தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தாள்.

"விடுங்க மாமா. காத்துப் பட்டா அத்தனையும் பூஞ்சை பூத்துடும். வெயில் முடியறவரைக்கும் மாட்டுக்கு என்னத்தைப் போடுவீங்க?"

"எங்கப்பன் காலத்துல மாடு தின்னுச்சே, அதைப் போடுவேன்."

"அப்ப கறந்த அளவுக்கே பாலும் கறங்க. கேன்ல அடி தெரியட்டும்."

கணவன் கொட்டகை வாசலில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றான். "ஏங்க, யார் பக்கம்னு சொல்லிடுங்க," என்றாள். அவன் துண்டை இன்னொரு முறுக்கு முறுக்கினான். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "நாளைக்கு ரெண்டு கேனாப் போகட்டும்ணா," என்றான். ஆயுசில் அண்ணன் பேச்சை அவன் மீறிய முதல் தடவை அதுதான். அவள் தார்ப்பாயைத் தானே இழுத்து மூடி, உருண்டுபோன டயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். யாரும் கைகொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் காலித் தொட்டியோடு கறந்தாள். கேனை வெளியே வைத்து மூடிவிட்டு வந்துதான் மாடுகளுக்குச் சைலேஜ் அள்ளினாள். மூத்தார், அவள் சட்டத்துக்கு அடங்கக்கூடாது என்ற வீம்பில், அதே சைலேஜைக் கூடை நிறையப் போட்டுக்கொண்டு கறந்தார். பால் நிலையத்தில் பரிசோதகர் அவள் பாலை ஊற்றிக்கொண்டார். மூத்தாரின் கேனைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதோடு மூத்தார் அடங்குவார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து முற்றத்தில் அத்தனை பாலையும் அவள் காலடியில் கவிழ்த்தார்.

"என் கேன்ல எதையோ கலந்துட்டே. சூனியக்காரி!"

"காலைக் கழுவிக்கறேன். உங்க வாயை எதைப் போட்டுக் கழுவறது?"

அன்று சாயங்காலத்துக்குள் கொட்டகைக்கு நடுவே தகரத் தடுப்பு ஏறியது. மூத்தார் ஒவ்வொரு ஆணியையும் அவளை அடிப்பதுபோலத்தான் அடித்தார். குழி அவள் பக்கம் வந்தது. அவர் மாடுகளுக்கு வைக்கோல்.

இப்போதெல்லாம் அவள் தார்ப்பாயின் முனையை, அன்றைக்கு வேண்டிய அளவுக்குத்தான் தூக்குகிறாள். வாடை எழும்பியதும் தகரத்துக்கு அந்தப் பக்கம் மாடுகள் கத்தத் தொடங்கும். அவர் தகரத்தை ஓங்கித் தட்டுவார். தன்னை அதட்டுகிறாரா, மாட்டை அதட்டுகிறாரா என்று அவள் யோசிப்பதில்லை. ஒருநாள் தகரத்தின் அடி இடுக்கு வழியே, முன்பு அவள் கையாலேயே தின்று பழகிய அவர் பசு, நாக்கை நீட்டித் துழாவியது. கையில் ஒரு பிடி சைலேஜ் இருந்தது. கொஞ்ச நேரம் அந்த நாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பிடியைத் தன் மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு, ஒரு செங்கல்லை எடுத்து வந்து இடுக்கை அடைத்தாள்.