வாய்க்கால் வற்றிய காலை

ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாத் தொடர்மாடியில் என்னோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் லண்டனில் ஒரு மாமாவோ சித்தியோ இருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்து ஒஸ்லோவுக்குத் திரும்பும்போது அவர்கள் நகைக்கடைத் தெருவைப் பற்றியும் இரண்டு தட்டு பஸ்ஸைப் பற்றியும் கதை வைத்திருப்பார்கள். எனக்கும் இங்கிலாந்தில் ஒரு மாமா இருந்தார், ஆனால் லண்டனில் இல்லை. இரண்டு ரயில் மாறி, பிறகு வயல்களுக்கு நடுவே காரில் போனால் வருகிற ஒரு வாய்க்கால்கரைக் கிராமத்தில் அவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அந்த ஊரில் அவரையும் மாமியையும் தவிர வேறு தமிழர் கிடையாது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதால் நானும் லண்டன் என்றே சொல்லிவந்தேன்.

எனக்குப் பத்து வயதான கோடையில் அப்பாவும் அம்மாவும் நானும் அங்கே போனோம்.

மாமா அம்மாவின் தம்பி. ஊருக்கு வந்து ஒன்பது வருடங்களில் அதன் சரித்திரம் முழுவதையும் அவர் மனப்பாடம் செய்திருந்தார். பால் வாங்க வருகிறவர்களையும் அவர் விடுவதில்லை. இருநூறு வருடங்களுக்கு முன்பு அந்த இடத்தில் ஊர் என்று ஒன்றே இருக்கவில்லையாம். மேட்டுச் சுரங்கத்து நிலக்கரியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோக ஆட்கள் மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டிக்கொண்டு வந்தார்கள். படகு இழுக்கிற குதிரைகளுக்கு லாயம் தேவைப்பட்டது. குதிரைக்காரருக்குக் குடிக்க ஓரிடம் தேவைப்பட்டது. பிறகு சுண்ணாம்புச் சூளை வந்தது, சூளை ஆட்களுக்குச் செங்கல் வீடுகள் எழுந்தன. ரயில் வந்த பிறகு நிலக்கரிப் படகுகள் நின்றுபோயின; ஊர் மட்டும் போகுமிடம் தெரியாமல் கரையிலேயே தங்கிவிட்டது. இப்போது வருவதெல்லாம் விடுமுறைக்காரரின் வர்ணம் தீட்டிய ஒடுங்கிய படகுகள்தான். மாமாவின் கடையே பழைய லாயம். மாப்பெட்டிகள் அடுக்கிய சுவரில் குதிரை கட்டுகிற இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. "நாங்கள் வெட்டின வாய்க்கால்", "எங்கடை குதிரையள்" என்று மாமா சொல்லும்போது, அப்பா தேநீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

கடைக்கு நேர் எதிரே லொக் இருந்தது. மேல்வாய்க்காலுக்கும் கீழ்வாய்க்காலுக்கும் நடுவே, இரண்டு முனையிலும் பெரிய மரக்கதவுகள் போட்ட நீளமான கல்தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, மேல் மதகைத் திறந்தால் தண்ணீர் ஏறும், படகும் ஏறும். கீழ் மதகைத் திறந்தால் இரண்டும் இறங்கும். மதகைத் திறக்க வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்று வேண்டும். கைப்பிடியை மறந்து வருகிற படகுக்காரருக்கு இரவல் கொடுக்க மாமா ஒன்றைக் கடைக்குள் கொளுவியில் தொங்கவிட்டிருந்தார்.

வந்த அன்றே எனக்கு அதைச் சுற்றிக் காட்டினார். வன்னியில் வளர்ந்தவர் என்பதால் மதகை அவர் துருசு என்றுதான் சொல்வார். "பிள்ளை, மேல் துருசு திறந்தால் கீழ்த் துருசு பூட்டியிருக்கோணும். ரெண்டும் ஒண்டாத் திறந்துகிடக்கப்படாது, விளங்கிச்சோ?" என்றார். நான் ஓம் என்றேன். என் காதில் விழுந்ததெல்லாம் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்த சத்தம் மட்டுமே.

அந்தச் சனிக்கிழமை ஊரில் படகு விழா. அந்த வருடம் லொக்கின் முதல் கதவைத் திறந்துவைக்க விழாக் குழு மாமாவைக் கேட்டிருந்தது. அவர் புதுச் சட்டை வாங்கி இரண்டு தரம் போட்டுப் பார்த்திருந்தார். மாமி ஊருக்கே காணும் அளவுக்குச் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் செய்யத் திட்டமிட்டிருந்தார். வியாழக்கிழமை பின்னேரம் அப்பா உட்பட எல்லோரும் குசினியில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தபோது, நான் கடைக்குள் போய்க் கைப்பிடியை எடுத்தேன்.

வெயில் இன்னும் இருந்தது. கரையில் யாரும் இல்லை. மேல்வாய்க்காலில் கட்டியிருந்த பச்சைப் படகில் மட்டும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் படகுதான் அவர் வீடு. விழாக் குழுவின் தலைவியும் அவர்தான். லொக் தொட்டி நிறைந்திருந்தது. கீழ் மதகின் பல்சக்கரத்தில் கைப்பிடியை மாட்டி உடம்பு முழுவதையும் சேர்த்து அழுத்தினேன். டக் டக்கென்று ஏறியது. தொட்டி மெல்ல மெல்ல வற்றி, பாசி பிடித்த கற்சுவர் கிணறு போல ஆழமாகத் தெரிந்தது. இதை நான் செய்தேன் என்பதை நினைக்க உடம்பு சிலிர்த்தது. மறுபடி நிரப்பிப் பார்க்க ஆசை வந்தது. மேல் மதகுக்கு ஓடி அதையும் திறந்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தும் தொட்டி நிறையவில்லை. எதையோ உடைத்துவிட்டேன் என்று பயந்தேன். அப்போது மாமி சாப்பிடக் கூப்பிட்டார். கைப்பிடியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடி, என் பயணப்பையின் அடியில் உடுப்புகளுக்குள் திணித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கீழே யாரோ கத்துகிற சத்தத்தில் விழித்தேன். முதலில் வந்தது நாற்றம், அழுகிய சேற்று நாற்றம். யன்னலால் பார்த்தேன். மேல்வாய்க்காலில் தண்ணீர் இல்லை. இந்த லொக்கிலிருந்து அடுத்த லொக் வரைக்கும் கறுத்த சேறும், ஒரு பழைய சைக்கிளும், நடுவில் குட்டை குட்டையாய்ச் சிறிது தண்ணீரும் கிடந்தன. கட்டியிருந்த படகுகள் கயிற்றில் இழுபட்டுச் சரிந்து நின்றன. பச்சைப் படகு எல்லாவற்றையும்விட மோசமாகச் சாய்ந்திருந்தது. அந்தப் பெண்மணி நித்திரையில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டாராம். நெற்றியில் துவாயை அழுத்திப் பிடித்தபடி கரையில் இருந்தார். துவாயில் இரத்தம்.

படி இறங்கி வெளியே வந்தேன்.

அப்பா சேற்றுக்குள் நின்றார். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுவதற்கு முன்பு அவர் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதைப்பற்றி வீட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. அன்று முழங்கால் சேற்றில் குனிந்து, குட்டைகளில் துடித்துக்கொண்டிருந்த மீன்களை வெறுங்கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி வாளியில் போட்டார். ஒன்றுகூட அவர் கையிலிருந்து வழுக்கவில்லை. படகுக்காரர்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டுத் தாங்களும் இறங்கினார்கள். நிறைந்த வாளிகளைக் கீழ்வாய்க்காலில் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள்.

நான் கரையோரம் போய் நின்றேன். தமிழில் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிழை செய்தால் சொல்கிற நொர்வேஜியன்தான் வாயில் வந்தது.

"அப்பா, டே வார் மை." அது நான்தான், என்றேன்.

அப்பாவின் கை ஒரு மீனைப் பிடித்தபடி அப்படியே நின்றது. பிறகு என்னைப் பார்க்காமல், "அந்த வாளியை இஞ்சாலை நீட்டு" என்றார்.

நீட்டினேன். அவருக்குக் கேட்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். இன்னொரு தரம் சொல்லத் தைரியம் வரவில்லை.

சிறிது நேரத்தில் மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் வான் வண்டியில் வந்து இறங்கினார். வாய்க்காலைப் பராமரிக்கிற அலுவலகத்து ஆள். இரவு முழுவதும் திறந்துகிடந்த இரண்டு மதகுகளையும் இறக்கிப் பூட்டிவிட்டு, மேலேயுள்ள பகுதிகளிலிருந்து தண்ணீர் விடச்சொல்லித் தொலைபேசியில் கதைத்தார். பிறகு கூடிநின்றவர்களிடம், ஆளொன்று காயப்பட்டிருப்பதால் பொலிசுக்கும் அறிவிக்கவேண்டிவரலாம் என்றார். ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எனக்கு மற்றதெல்லாம் அரைகுறையாகத்தான் விளங்கியது. பொலிஸ் என்ற சொல் முழுதாக விளங்கியது. இது படகுக்காரர் விடுகிற பிழை அல்ல, பழக்கமில்லாத யாரோ செய்த வேலை என்று ஒருவர் சொன்னார். சொல்லும்போது அவர் கண் மாமாவின் கடைப் பக்கம் போய்த் திரும்பியது.

கடை வாசலில் மாமாவுக்குப் பக்கத்தில் நின்ற மாமி உள்ளே திரும்பிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, கைப்பிடியைக் காணேல்லை" என்று மெல்லச் சொன்னார்.

மாமா வெறும் கொளுவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு நேரம் குனிந்து நின்றேனோ தெரியாது. நிமிர்ந்தபோது கடைக்குள் பின்பக்கம், மாப்பெட்டிகளுக்கு அருகே, சேறு வழிகிற அப்பாவும் மாமாவும் நெருங்கி நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலை நோக்கி ஓரடி வைத்தார். மாமா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மீன்களைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மாமா வெளியே வந்தார். கூட்டத்துக்கு நடுவே போய், அது தன் பிழை என்றார். நேற்றுப் பின்னேரம் மருமகளுக்கு லொக் எப்படி வேலை செய்கிறதென்று காட்டினாராம். கடையில் ஆள் வந்த சத்தம் கேட்டு ஓடியவர் மதகுகளை மூட மறந்துவிட்டாராம். ஊரின் வாய்க்கால் முழுவதையும் மனப்பாடமாய் வைத்திருந்த மனிதர், வார்த்தைகளுக்குத் தடுமாறித் தடுமாறி அதைச் சொன்னார்.

 மஞ்சள் அங்கிக்காரர் பச்சைப் படகுப் பெண்மணியிடம் திரும்பி, நேற்றுப் பின்னேரம் நீங்கள் இங்கேதானே இருந்தீர்கள், இவரைக் கண்டீர்களா என்று கேட்டார்.

 முந்தின நாள் அந்தப் பெண்மணி பூச்சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றதையும், கரையில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை என்பதையும் நான் அறிவேன். அவர் துவாயை நெற்றியிலிருந்து எடுத்து மடித்தார். மாமாவை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மாமியின் பாவாடைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"ஓம், இரண்டு பேரையும் கண்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மஞ்சள் அங்கிக்காரர் எதையோ எழுதிக்கொண்டார். மாமா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். பொலிஸ் வரவில்லை. கூட்டம் கலைந்தது. பின்னேரத்துக்குள் தண்ணீர் வந்து, படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

விழா நடந்தது. முதல் கதவை வேறொருவர் திறந்தார். மாமா புதுச் சட்டையைப் போடவில்லை. ரோல்ஸ் மேசைக்குப் பின்னால் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சிரித்தார். வந்தவர்கள் சிலர்தான். கைப்பிடியை நான் ஒருவரும் காணாதபோது கொளுவியில் திருப்பி மாட்டினேன். அது எப்படித் திரும்பி வந்ததென்று யாருமே கேட்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அதன்பிறகு யாரும் மாமாவிடம் வாய்க்கால் கதை கேட்கவில்லையாம். இரண்டு வருடங்களில் கடையை விற்றுவிட்டு அவரும் லண்டனுக்கே போனார். வியாபாரம் குறைந்துவிட்டதென்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது, இனி லண்டன் மாமா என்று பொய்யில்லாமல் சொல்லலாமே.

கடைக்குள் அன்று கதைத்தது என்னவென்று அப்பா எனக்குச் சொன்னது, நான் எல்லிங்ஸ்ருட்டில் தனியாக வீடு எடுத்துப் போன பிறகுதான். தான் செய்ததாகச் சொல்லட்டுமா என்று அப்பா கேட்டிருக்கிறார். மாமா விடவில்லை. "அத்தான், நீங்கள் ஒரு கிழமைக்கு வந்தனீங்கள். நீங்கள் சொன்னால் நம்பமாட்டினம், பிள்ளையைத்தான் பாப்பினம். நான் இஞ்சை இருக்கிறவன், என்னை நம்புவினம்" என்றாராம்.

இதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோ விமானத்தில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது: தப்பிவிட்டேன், அதுவும் ஒரு பெரிய அதிர்ஷ்டத்தால். அந்த அதிர்ஷ்டத்தைப் பற்றி யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. விமானம் மேகத்துக்கு மேலே வந்ததும் அம்மாவின் காதருகே போனேன்.

"அம்மா, அந்தப் பச்சைப் படகு அன்ரிக்குக் கண் வடிவாத் தெரியாது போலை, என்ன?"

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் பக்கம் புரளவில்லை.

"ஓம் பிள்ளை," என்றார் அம்மா, "தெரியாதுதான் போலை." என் இருக்கைப் பட்டியை இன்னொரு தரம் இறுக்கிவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன்.