அத்தானின் கோணிய சன்னங்கள்

மோர்னிங்சைட்டில் அக்காவின் வீட்டுக் கராஜில் அத்தான் ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றே சரித்து வைத்திருந்தார். ஈயத்தில் வார்த்த துவக்குச் சன்னம் ஒன்றை, துப்பாக்கியில் போடும் குண்டை, அதன் மேல் விளிம்பில் வைத்து விரலை எடுத்தார். சன்னத்தின் உடல் ஒழுங்காகத்தான் உருண்டது. கூரான மூக்கு மட்டும் தள்ளாடியபடி வந்தது. இன்னொன்றை வைத்தார். அதுவும் அப்படியே. "பாத்தீரே? எல்லாம் கோணல்," என்றார். அக்கா இறந்த பிறகு அவர் தானாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். செத்தவீட்டிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் கேட்டதற்கு மட்டும் தலையாட்டிக்கொண்டு இருந்த மனிதர்.

நான் அங்கே போனது சன்னம் பார்க்க அல்ல. வேறு மாகாணத்திலிருக்கும் கல்கரியிலிருந்து அக்காவின் மகள் அழைத்திருந்தாள். "சித்தி, அப்பா போன் எடுத்தால் சாப்பிட்டன், படுத்தன் எண்டு மட்டும்தான் சொல்லுறார். அந்த வீட்டில துவக்கு இருக்கு. எனக்கு நெஞ்செல்லாம் இடிக்குது. ப்ளீஸ், ஒருக்காப் போய்ப் பாருங்கோ," என்றாள். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பதை வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் சோறும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு, சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கும் என் தனி அறை அபார்ட்மென்றிலிருந்து காரை எடுத்தேன். வழி நெடுக, அந்த விடயத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கராஜுக்குள் கால் வைத்ததும் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்து போயிற்று.

அத்தானுக்குத் துவக்குப் பழக்கம் வந்தது புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில்தான். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவர்கள் ஒருமுறை நகரத்துக்கு வெளியே இருந்த சுடுகழகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கடதாசியில் போட்ட வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவது அவருக்குப் பிடித்துவிட்டது. முறையாகப் படித்து, லைசன்ஸ் எடுத்து, பழைய ரைபிள் ஒன்று வாங்கினார். அக்கா ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் யுத்த காலத்தில் எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் சூட்டுச் சத்தம் கேட்டால் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிலத்தில் படுத்தவள் அவள். "அங்க துவக்கு என்னைக் குறிபாத்தது. இஞ்ச நான் கடதாசியைக் குறிபாக்கிறன். அவ்வளவுதான்," என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அக்கா ஒரு கட்டளையோடு இறங்கி வந்தாள். துவக்கு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், ஈயம் காய்ச்சுவதெல்லாம் கராஜில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கை கழுவாமல், சமைக்கிற குசினிக்குள் வரக்கூடாது. அவள் போன பிறகும் அவர் அதை மீறவில்லை. அன்றும் பனிக்காற்று வந்தபடி இருக்க, கராஜ் கதவு பாதி திறந்தே கிடந்தது.

வார்த்தெடுக்கும் சன்னம் துவக்கின் குழலுக்குத் தேவையான அளவை விடச் சற்றுப் பருமனாக இருக்கும். அதை ஓர் உருக்கு வளையத்துக்குள் அமுக்கிச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கென்று ஒரு சிறிய கைமெசின் இருந்தது. நெம்புகோலைக் கீழே இழுத்தால் மேலிருக்கும் அமுக்குகட்டை சன்னத்தின் மூக்கில் பொருந்தி, அதை வளையத்துக்குள் தள்ளும். அங்கேதான் எங்கோ கோணியது. ஒரு பக்கம் ஈயம் சுரண்டுப்பட்டுப் பளபளத்தது. மறுபக்கம் வார்த்தபடியே மங்கலாக இருந்தது. நான் விமானப் பாகங்கள் செய்யும் ஓர் இடத்தில் அளவு சரிபார்க்கும் வேலை செய்கிறவள். கோணலைக் கண்டால் கை சும்மா இருக்காது. "வார்ப்பு அச்சிலயே பிழையோ?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தான் நானும் யோசிக்கிறன். இரும், தேத்தண்ணி போடுறன்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை மயிரிழை வித்தியாசத்துக்கும் முள் அசைந்து காட்டும் என் சொந்த டயல் கேஜைக் கொண்டுபோனேன். அமுக்காத சன்னங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றி அளந்தோம். முள் அசையவே இல்லை. அச்சில் பிழை இல்லை, மெசினில்தான் பிழை. அதற்கடுத்த கிழமை, அமுக்குகட்டையின் குழி சன்னத்தின் மூக்குக்குப் பொருந்துகிறதா என்று மூக்கில் கரி பூசிப் பார்த்தோம். கரி குழியில் சுற்றிவரச் சமமாக ஒட்டியிருந்தது. பிறகு, சன்னத்தில் கதவுப் பக்கம் பார்க்கும் முகத்தில் பேனையால் புள்ளி போட்டு அமுக்கினோம். கதவுப் பக்கம்தான் பளபளத்தது. அமுக்குகட்டையை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டு அமுக்கினாலும் அதே கதவுப் பக்கம். "அப்ப கட்டையில பிழையில்லை. அதைப் பிடிக்கிற மெசின்ர கைதான் விலகி நிக்குது," என்றார் அத்தான். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. இதற்கிடையில் நான் கொண்டுபோன சோற்றை அவர் முழுதாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். கேட்க வந்ததை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.

அதைக் கேட்டது ஒரு சாதாரணமான பகல் வேளையில். அவர் நெம்புகோலைப் பிடித்தபடி நின்றார். நான் பளபளத்த பக்கங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டேன்.

"அத்தான், கோவிக்கக் கூடாது. செத்துப்போவம் எண்டு நினைச்சனீங்களே?"

நெம்புகோலை மெல்ல மேலே விட்டார். "ஓம்," என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "உம்மட அக்கா போன புதுசில. ஒருநாள் காலமை துவக்குப் பெட்டிக்கு முன்னால நிண்டன். ஏன் நிண்டன் எண்டு எனக்கே பயம் வந்திட்டுது. உடன கழகத்துச் சிநேகிதனுக்குப் போன் அடிச்சன். அவன் வந்து எல்லாத்தையும் கொண்டுபோயிட்டான். டொக்டரிட்டையும் சொன்னன். குளிசை தந்து, கிழமைக்கு ஒருக்காக் கதைக்க ஓராளிட்டையும் விட்டிருக்கினம்."

"அப்ப துவக்கு இஞ்ச இல்லையே?"

"இல்லை."

"பின்னை உதுகளை ஏன் செய்யிறியள்?"

மேசையில் குவிந்து கிடந்த சன்னங்களைப் பார்த்தார். "எழும்பினால் கைக்கு ஒரு வேலை வேணும், பிள்ளை. அது பிழைச்சுப்போன வேலையெண்டால் இன்னும் நல்லது. நாளைக்கும் அதையே யோசிக்கலாம்."

சுடுவதற்குத் துவக்கே இல்லாத ஒரு வீட்டில் அந்த மனிதர் பனிக்கால மாரி முழுக்கச் சன்னம் வார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "மகளிட்டைச் சொன்னீங்களே?" என்றேன். அவள் பயப்படுவாள் என்றார். "அவள் பயந்துபோய்த்தான் இருக்கிறாள், அத்தான். உங்களிட்டைக் கேக்கவும் பயம்." அவர் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். குசினிக்குள் வெகுநேரம் அவருடைய குரல் கேட்டது. நடுவில் அழுதார் என்று நினைக்கிறேன். நான் கராஜிலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

பிழை கடைசியில் பிடிபட்டது. பழைய மெசினின் கை தேய்ந்து ஒரு மயிரிழை விலகியிருந்தது; அதை நிமிர்த்த வழியில்லை. ஆனால் அந்தக் கை அமுக்குகட்டையை ஒரு சிறு திருகாணியால் இறுக்கிப் பிடித்திருந்தது. அத்தான் அந்தத் திருகாணியைத் தளர்த்தினார். கட்டை கீழே விழாமல், ஆனால் இலேசாக ஆடும்படி விட்டார். இப்போது அது கையோடு சேர்ந்து கோணாமல், சன்னத்தின் மூக்கில் தன்பாட்டில் உட்கார்ந்தது. அமுக்கி எடுத்ததைக் கேஜில் வைத்துச் சுழற்றினேன். முள் அசையவில்லை. இன்னொன்று. அதுவும் நேர். "சரி வந்திட்டுது," என்றேன். "ஓம், சரி வந்திட்டுது," என்றார். இரண்டு பேருக்கும் பெரிய சந்தோசம் ஒன்றும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வருவதற்கு என்ன சாட்டுச் சொல்வது என்று நான் யோசித்தேன். அவரும் அதைத்தான் யோசித்திருப்பார்.

வசந்தம் வந்ததும், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, சிநேகிதனோடு ஒருநாள் கழகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். காதுக்கு மூடி போட்டிருந்தும் முதல் வெடிக்கு, ஊரில்போல, என்னையறியாமல் நிலத்தில் குந்திவிட்டேன். கடதாசியில் துளைகள் ஒன்றையொன்று தொட்டபடி விழுந்திருந்தன. அத்தான் கடதாசியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். காட்டுவதற்கு ஆளைத் தேடுகிறவர்போல ஒரு கணம் சுற்றிவரப் பார்த்தார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

அந்தக் கோடையில் மகள் வந்து அவரைக் கல்கரிக்குக் கூட்டிப்போனாள். அது சரியான முடிவு. நான்தான் முதலில் ஓம் என்றேன். மோர்னிங்சைட் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும் தேவை எனக்கு வருவதில்லை. சனிக்கிழமைகளில் விடிய எழுந்து உடுப்புத் தோய்த்து, கொஞ்சம் சமைத்து, பத்து மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடுகிறது. பிறகு பல்கனிக் கதவருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எதிர்க் கட்டடத்தின் யன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன கிழமை அத்தான் அழைத்தார். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, கூட்டிவருவது, அங்கே குளிர் இங்கு இருப்பதைவிடக் கூடுதல் என்று நிறையச் சொன்னார். குரல் தெளிந்திருந்தது. முடிக்கும்போது, "நீர் எப்பிடி? சனிக்கிழமையளில என்ன செய்யிறீர்?" என்று கேட்டார்.

"கன வேலை கிடக்கு, அத்தான்," என்றேன்.

மறுமுனையில் அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அப்போது பின்னாலிருந்து, "அம்மப்பா, கமோன்!" என்று பேரன் கூப்பிட்டான். "சரி பிள்ளை, பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டார். இன்னொரு தரம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.